மாத்திரை படாத ரத்தம்

பூட்டிய கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. எதையும் சரிபார்க்காமல் என்னால் நம்ப முடியாது. என்னையே நான் நம்புவதில்லை.

பகலில் டவுன்ஷிப்பில் ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுக்கிறேன். மாலையில் அதே கட்டடத்தின் மாடியில் லேப் டெக்னீஷியன் வகுப்பு. டைபாய்டுக்காரர்களின் ரத்தத்தைப் புட்டியில் விட்டு வைத்தால் கிருமி வளர வேண்டும். வளர்ந்தால்தான் அது எந்த மருந்துக்குச் சாகும், எதற்கு அசையாது என்று பார்க்க முடியும். எங்கள் புட்டிகளில் எதுவுமே வளரவில்லை. சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருப்பவர்கள் ஷிப்டை விடமாட்டார்கள். மெடிக்கலில் இரண்டு வேளை மாத்திரை வாங்கி விழுங்குவார்கள். காய்ச்சல் அதற்கும் அடங்காவிட்டால்தான் ரத்தம் கொடுக்க எங்களிடம் கை நீட்டுவார்கள். அரைகுறை மருந்துக்குக் கிருமி பழகிவிடும், புட்டியிலும் வளராது. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

என் அண்ணன் ஜெப்ரினும் அப்படித்தான். காய்ச்சல் இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுவான். இந்த முறை டைபாய்டு திரும்பியபோது டாக்டர் அசித்ரோமைசின் எழுதினார். எதையும் பரிசோதிக்காமல் எழுதியது. அது பலிக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் மருந்து கொடுப்பது என் பொறுப்பு. அவர் எழுதியதை என் பையில் வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கு அதேபோல் இருந்த சத்து மாத்திரையைக் கொடுத்தேன். காய்ச்சல் மாத்திரையை நிறுத்தவில்லை. அவன் கஷ்டப்படுவதை என்னால் பார்க்க முடியாது.

பாடத்தில் உள்ளபடியே எல்லாம் வந்தது. மாலைதோறும் காய்ச்சல் ஒரு படி ஏறியது. நாக்கின் நடுவில் வெள்ளை படிந்து ஓரம் சிவந்தது. உடம்பு கொதித்தும் நாடி நிதானமாகவே ஓடியது. அவன் முன்பு விழுங்கியிருந்த மருந்து ரத்தத்திலிருந்து முழுதாக வெளியேறும்வரை காத்திருந்து, ஊசியுடன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இன்னா டாக்டரம்மா, ரத்தம் குடிச்சிகினு போவ வந்துட்டியா?”

“பேசாம கையக் காட்டுண்ணே.”

“சீக்கிரம் எழுப்பி வுடு எவா. இன்னும் படுத்துகினு இருந்தா வேற ஆளப் போட்டுடுவானுங்க.”

அண்ணி அன்னாள் சிரித்தாள். “அவ குடுக்கறத முழுங்குங்க மொதல்ல. நம்ம வூட்டு டாக்டரு.”

கிருமி வளர்ந்தது. தட்டில் பரப்பி மருந்து வில்லைகளை வைத்தேன். மறுநாள் மாலை பார்த்தபோது, எல்லோரும் மெடிக்கலில் வாங்கி விழுங்கும் சிப்ரோவின் வில்லையை ஒட்டியே கிருமி அடர்ந்திருந்தது. அசித்ரோமைசினைச் சுற்றி மட்டும் அகலமான வெற்று வட்டம். டாக்டர் எழுதியது சரியான மருந்து. அது இன்னும் என் பையில்தான் இருந்தது.

வீட்டுக்குப் போகும் முத்தாண்டிக்குப்பம் பஸ் வாசலில் வந்து நின்றது. நான் மாடிக்கு ஏறி, வகுப்பெடுக்கும் சைமன்ராஜ் சாரிடம் தட்டைக் காட்டினேன்.

“யாரும்மா எடுத்த சாம்பிள் இது? இவ்ளோ சுத்தமா வளந்து நான் இங்க பாத்ததே இல்லியே.”

அப்போது அண்ணி போன் செய்தாள். “காய்ச்சல் வுட்டுடுச்சு எவா, ஒடம்பு ஜில்லுனு ஆயிடுச்சு. வயிறு மட்டும் பலகையாட்டம் இருக்குது. தொட்டா உங்கண்ணன் கத்துறாரு.”

டைபாய்டில் குடல் ஓட்டையானால் அப்படித்தான் ஆகும். அது எனக்குத் தெரியும். சார் எல்லோரையும் தட்டைப் பார்க்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் கஞ்சி குடுங்க அண்ணி. வகுப்பு முடிஞ்சதும் வந்துடறேன்” என்றேன்.

நான் போய் இறங்கியபோது எங்கள் தெரு முழுக்க வீட்டு வாசலில் நின்றது.

மாத்திரையை மாற்றியது நான்தான். தெரிந்தும் வகுப்பில் உட்கார்ந்திருந்ததும் நான்தான். அண்ணனைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தேன் என்பதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தட்டை மட்டும் யாரும் தூக்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பேட்ச் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும் என்று சார் சொல்லியிருக்கிறார்.