மெத்தை வண்டி குடித்த டீசல்

மேலே பதிவாகியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவைதாம். வயது நாற்பத்தெட்டு. கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். புகார் கொடுத்த மெத்தைக் கடை உரிமையாளர் என் உடன்பிறந்த தம்பி. புகாருக்கு ஆளான ஓட்டுநர் எனக்கு உறவோ வேண்டியவரோ இல்லை. உயரமானவர் என்பதால் கடையில் அவரை நெட்டை என்றுதான் அழைப்பார்கள். யாரும் சொல்லி நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வரவில்லை. மனு மீதான விசாரணை முடிவதற்குள் நான் பார்த்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன்.

தம்பியின் கடையில் ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. பக்கத்து நகரத்திலுள்ள கிடங்கிலிருந்து மெத்தைகளை ஏற்றிக் கடைக்குக் கொண்டு வருவது நெட்டையின் வேலை. வண்டி லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்று தம்பி சில மாதங்களாகவே குறைபட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய நண்பர் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். அவரிடமும் இதே வண்டிதான், அது பன்னிரண்டு கொடுக்கிறதாம். கல்லைச் சுமக்கும் வண்டி பன்னிரண்டு கொடுக்கும்போது பஞ்சைச் சுமக்கும் வண்டி ஒன்பது கொடுத்தால் மீதி டீசல் எங்கே போகிறது என்பது அவன் கேள்வி. அதன் பிறகு ஒரு நாள், கடையில் மூட்டை இறக்குபவர்கள், தையற்காரர், வாடிக்கையாளர் ஒருவர் என எல்லோரும் நிற்கும்போது நெட்டையைத் திருடன் என்று சொல்லிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். மறுநாள் புகார் கொடுத்தான். அந்தப் பேச்சு பரவியதும் நெட்டைக்கு வேறு கடையிலும் வேலை கிடைக்கவில்லை.

எனக்கு இது எப்படித் தெரிய வந்தது என்று கேட்டதற்குச் சொல்வது: தம்பி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி சொன்னாள். "ஊருக்கெல்லாம் தூக்கத்தை விக்கிறாரு அண்ணி, அவருக்கு மட்டும் தூக்கம் இல்ல. விடிய விடிய டீசல் டீசல்னு புலம்புறாரு" என்றாள். ஒன்பது என்ற எண்ணை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று தம்பியைக் கேட்டேன். டீசல் முள் பாதிக்கு வரும்போது எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்தானாம். அந்த முள் மேல்பாதியில் மெல்லவும் கீழ்ப்பாதியில் வேகமாகவும் இறங்குவதை அவனே பலமுறை சொல்லியிருக்கிறான். அப்படிப்பட்ட முள்ளை நம்பி ஒரு மனிதனைத் திருடன் என்று சொல்லலாமா என்று கேட்டேன். "அக்கா, நீ காலேஜ்ல கணக்குச் சொல்லு. வண்டியில சொல்லாத" என்றான். நான் அளந்து பார்க்கிறேன், திருட்டு என்று தெரிந்தால் அதையும் நானே சொல்கிறேன் என்றேன். ஒப்புக்கொண்டான்.

அதன் பிறகு நெட்டையைச் சந்தித்தேன். அவர் டீசல் பங்க்கின் மேல் பழி போட்டார். "குழாயில காத்து வருதும்மா, டீசல் வரல" என்றார். அதையும் நான் நம்பவில்லை. பங்க்கிற்குப் போய் அவர்களிடம் உள்ள ஐந்து லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொன்னேன். கோட்டுக்குச் சரியாக நின்றது. நெட்டை குவளையை நாலு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

அளந்த முறை பற்றிக் கேட்டதற்குச் சொல்வது: டேங்கை நிரப்பி, ஓட்டி, அதே பங்க்கில், அதே குழாயில், வண்டியை அதே இடத்தில் நிறுத்தி மறுபடி நிரப்பினால், இரண்டாவது முறை பிடிக்கிற டீசல்தான் வண்டி குடித்தது. ஓடிய தூரத்தை அந்த லிட்டரால் வகுக்க வேண்டும். குழாய் தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும். இதைப் பங்க்கில் வேலை செய்பவருக்குப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்தது. தொகையை முழுசாக்க இன்னும் கொஞ்சம் விடுவதே அவர் பழக்கம். "சில்லறைக்கு எங்க போவேன் மேடம், ரவுண்டாப் போட்டுக்கலாமே" என்றார். இன்னொரு பக்கம், இன்னும் கொஞ்சம் கொள்ளட்டும் என்று வண்டியைப் பிடித்து ஆட்டுவது நெட்டையின் பழக்கம். இருவரையும் தடுத்தேன்.

முதல் ஓட்டம் கடைக்கு விடுமுறையான நாளில் நடந்தது. நெட்டை ஓட்டினார், நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். கிடங்கு வரை போய்த் திரும்பினோம். லிட்டருக்குப் பன்னிரண்டுக்குச் சற்று மேல் கிடைத்தது. தம்பி பங்க்கிற்கே வந்திருந்தான். "பாத்தியாக்கா, நீ உக்காந்தா கொடுக்குது. நீ உக்காராட்டி கொடுக்க மாட்டேங்குது" என்றான். நெட்டை வண்டியிலிருந்து இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவரைக் காப்பாற்ற வந்த சோதனையே அவரை மாட்டிவிட்டது என்று அவர் நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் தம்பி இதே நிலையத்துக்கு வந்து, அக்காவே நிரூபித்துவிட்டாள் என்று கூறியதாக உதவி ஆய்வாளர் சொன்னார். அது உண்மையாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு வேறு வேலையாகக் கடைப்பக்கம் போனபோது, கூலிக்குப் பிடித்த ஓர் ஓட்டுநர் தம்பியின் அதே வண்டியில் மெத்தைகளோடு வந்து நின்றார். மெத்தைகள் கேபின் கூரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நின்றன. கயிறு கட்டித் தார்ப்பாய் போட்டிருந்தது. தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. எப்படிக் கிழிந்தது என்று கேட்டதற்கு, "காத்துதான். ரோட்டுல இந்த வண்டியப் பின்னாடி யாரோ புடிச்சு இழுக்குற மாதிரியே இருக்கு" என்றார். விடுமுறை நாள் என்பதால் நாங்கள் வெறும் வண்டியை ஓட்டி அளந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தம்பியிடம் சொன்னேன். "மெத்தை என்னக்கா கனம்? ஊதினாப் பறக்கும்" என்றான். "ஊதினாப் பறக்கும்னா காத்து அதைத்தான் புடிக்குதுன்னு அர்த்தம். டைல்ஸ் கனமா இருந்தாலும் கேபினுக்குக் கீழ அடக்கமாக் கிடக்கு. நீ ஒரு சுவரையே நிமித்தி வச்சுத் தள்ளிட்டுப் போற" என்றேன். தம்பி மனைவி உள்ளேயிருந்து, "இந்த வீட்டுல ஒருத்தராச்சும் தூங்கணும்னா இன்னொரு தடவை அளந்துடுங்க அண்ணி" என்றாள்.

இரண்டாவது ஓட்டத்துக்கு நெட்டையை வரவழைக்கச் சிரமப்பட்டேன். அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டே, "இந்த தடவை என்னம்மா நிரூபிக்கப் போறீங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது, தெரிந்தால் அளக்க வேண்டியதில்லை என்றேன். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அன்றாடம் நடப்பது போலவே வெறும் வண்டியாகப் போய், கிடங்கில் மெத்தைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வழியில் யாரும் திறக்காதிருக்க, டேங்க் மூடியில் தம்பி கையெழுத்திட்ட காகிதம் ஒட்டியிருந்தது. அது கிழியவில்லை. வழியில் தேநீருக்கு ஒரு முறை நின்றோம், அப்போதும் நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. லிட்டருக்கு ஒன்பது கிடைத்தது.

தம்பி அதற்கும் மசியவில்லை. நெட்டை வேண்டுமென்றே மோசமாக ஓட்டியிருப்பார் என்றான். அப்படியானால் நீயே ஓட்டு என்றேன். மூன்றாவது ஓட்டத்திலும் அதே அளவு மெத்தைகள், அதே சாலை. தம்பி ஓட்டினான், நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். அவன் முன்னால் போன எல்லா வண்டிகளையும் முந்தினான். சிக்னல் கண்ணில் படும் வரை வேகத்தை மிதித்து, கிட்டப் போனதும் பிரேக்கை மிதித்தான். ஏசி நிற்கவே இல்லை.

அந்த ஓட்டத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. சாலையோரக் கிலோமீட்டர் கற்களை நான் எண்ணிக்கொண்டு வந்தேன். ஐம்பது கல் கடந்தபோது வண்டியின் மீட்டர் நாற்பத்தேழுதான் காட்டியது. இது பற்றித் தம்பியிடம் கேட்டதற்கு, சில மாதங்களுக்கு முன் வண்டி எடுப்பாகத் தெரியட்டும் என்று பெரிய டயர் போட்டதாகச் சொன்னான். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது, அது பழைய சக்கரம் என்றே எண்ணிக்கொண்டிருக்கும். ஆகவே அத்தனை மாதமும் வண்டி ஓடிய தூரத்தில் ஒரு பங்கு கணக்கிலேயே வரவில்லை. குறை சொல்ல ஆரம்பித்ததும் டயர் மாற்றியதும் ஏறக்குறைய ஒரே காலம் என்பதை அவனே சொன்னான். அதன் பிறகு மிதிப்பதைக் கொஞ்சம் குறைத்தான்.

பங்க்கில் குழாய் 'டக்' என்று நின்றது. முந்தைய இரண்டு முறை போலவே மீட்டர் காட்டிய தூரத்தை வகுத்துப் பார்த்தபோது எட்டுதான் வந்தது. தம்பி என் கைப்பேசியை வாங்கி அவனே மறுபடி வகுத்தான். அதே எட்டு. மெத்தைகளைப் பார்த்தான், பிறகு டயரைப் பார்த்தான். "அப்ப என் வண்டியில நானே திருடிட்டேனாக்கா?" என்று கேட்டான். பங்க்காரர் சிரித்துவிட்டார். தம்பியும் சிரித்தான், ஆனால் அவர் சிரித்த அளவுக்கு இல்லை.

இதனால் திருட்டே நடக்கவில்லை என்று சொல்கிறீர்களா என்று கேட்டதற்குச் சொல்வது: நான் உடன் இல்லாத நாட்களைப் பற்றி எனக்குத் தெரியாது. மூன்றே ஓட்டங்கள்தாம், என் மாணவர் இதைக் கொண்டுவந்தால் போதாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் திருட்டு என்று சொல்ல ஆதாரமாக இருந்தது அந்த ஒன்பது மட்டுமே. அந்த ஒன்பது திருட்டில்லாமலே வருகிறது.

இன்று தம்பியும் நெட்டையும் இங்கு வந்தார்கள். புகாரைத் திரும்பப் பெறுவதாகத் தம்பி எழுதிக் கொடுத்தான். மறுபடி வேலைக்குப் போவீர்களா என்று உதவி ஆய்வாளர் நெட்டையைக் கேட்டார். அவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கடையில எல்லார் முன்னாடியும்தான் திருடன்னு சொன்னாரு சார். இல்லைன்னும் அங்கயே நின்னு சொல்லட்டும்" என்றார். தம்பி எழுந்து, "இப்பவே சொல்றேன். வா, வண்டியில ஏறு" என்று சாவியை எடுத்தான். நெட்டை கையை நீட்டினார். "நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க மொதலாளி. நான் ஓட்டுறேன்" என்றார். தம்பி சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் அந்தப் பக்கம் ஏறினான். நானும் கடைக்கு வந்து கேட்க வேண்டும் என்று இருவரும் வெளியே காத்திருக்கிறார்கள். இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் சொன்னதை எழுத்தர் எழுதினார். எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு நானும் வாங்கி வாசித்தேன். நான் கண்டதும் அளந்ததும் மட்டுமே இதில் உள்ளன, அவை மெய். ஊகம் என்று நான் சொன்னவை ஊகமென்றே எழுதப்பட்டுள்ளன. யார் வற்புறுத்தலும் இன்றிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)