கூரைக்குப் பூசிய பசை

அன்று காலை எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: என் அக்கா லில்லி. அவள் கணவர் செபாஸ்தியான். எதிர்வீட்டு தைலம்மாள், கையில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலோடு. தைலம்மாளின் மகள் மகாலட்சுமி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு. பிறகு நான், சாலமன். வேறு யாரும் இல்லை.

மே மாதத்தில் செஞ்சியில் பசை வேலை செய்வது கஷ்டம். சுற்றிலும் பாறை. சூடு சாயங்காலம் வரைக்கும் இறங்காது. கலக்கிய பசை பாதி பூசுவதற்குள் டப்பாவிலேயே கல்லாகிவிடும். நீங்கள் பசையைப் பற்றிக் கேட்கவில்லை என்று தெரியும் இன்ஸ்பெக்டர் சார். ஆனால் அங்கிருந்து தொடங்கினால்தான் என்னால் சொல்ல முடியும்.

செபாஸ்தியான் மாமா குவைத்தில் பதினெட்டு வருடம் வண்டி ஓட்டியவர். முதல் மனைவி இறந்துவிட்டார். பிப்ரவரியில் அக்காவைக் கட்டிக்கொண்டார். அக்காவுக்கு நாற்பத்தொன்று. காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டை இழுத்துக்கொண்டு ஒரு வருடம் ஊர் ஊராகப் போக வேண்டும், அதன்பிறகு காரைக்காலில் அவர் வீட்டில் தங்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அந்தச் சின்ன வீட்டைச் செய்யும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கொடுக்கச் சொன்னது அக்கா.

அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. அடுத்த வருடம் நைனாவும் போய்விட்டார். தம்பி ஒரு நிலைக்கு வரட்டும், பிறகு கல்யாணம் என்று அக்கா எல்லோரிடமும் சொன்னாள். நான் நிலைக்கு வரவில்லை. டிப்ளமோவை இரண்டாம் வருடத்தில் விட்டேன். ஐஸ்கிரீம், பால் ஏற்றும் குளிர்பெட்டி வண்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நைட் ஷிப்ட் பார்த்தேன். பதினாலு மாதத்தில் அதையும் விட்டேன். ஏன் விட்டாய் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. தட்டில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு அங்கன்வாடி வேலைக்குப் போவாள்.

அந்தத் தொழிற்சாலையில் கற்றதுதான் இது. இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே ஃபோம் பலகையை வைத்து ஒட்டினால் சுவர் ஆகிவிடும். மரம் வேண்டாம், இரும்புச் சட்டம் வேண்டாம். எடை குறைவு, சின்ன காரே இழுக்கும். ஆனால் தாங்குவது முழுக்கப் பசைதான். அதனால் பசையைத் தேர்ந்தெடுக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன்.

நாலு விதப் பசை வாங்கினேன். துண்டு ஃபோமில் ஒவ்வொன்றையும் பூசி, தகடு வைத்து அமுக்கி, காம்பவுண்டு சுவர் மேல் வரிசையாக வைத்தோம். பெயரும் தேதியும் எழுதியது அக்கா. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு எழுதிப் போடுவது போல உருண்டையான எழுத்து.

செருப்பு ஒட்டும் மஞ்சள் பசை ஃபோமையே தின்றுவிட்டது. எபாக்சி நன்றாகப் பிடித்தது. ஆனால் வண்டி அதிர்வில் விரிசல் விடும், கனமும் அதிகம். பி.யு. என்கிற பாலியூரிதேன் பசைக்குத் தண்ணீர் தெளித்தால் பொங்கி, ஃபோமுக்குள் வேர் விடும். பிரித்துப் பார்க்கும்போது பசை விடக்கூடாது, ஃபோம்தான் கிழிய வேண்டும். அதுதான் சோதனை. பி.யு.வில் ஃபோம் கிழிந்தது.

நாலாவது, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை. அது காய வேண்டுமானால் அதிலிருக்கும் தண்ணீர் வெளியே போக வேண்டும். தகட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவில் போவதற்கு வழியில்லை. ஓரத்தில் இரண்டு விரல் அகலம் காய்ந்து கெட்டியாகிவிடும். தட்டிப் பார்த்தால் நல்ல சுவர் போலவே இருக்கும். பத்து நாள் கழித்துப் பிரித்துக் காட்டினேன். அக்கா விரலை வைத்துப் பார்த்தாள்.

“இன்னாடா இது, நடுவுல தயிரு மாதிரி இருக்குது” என்றாள். “இத வாங்கிடாத.”

வாங்கினேன். பி.யு.வையும் வாங்கினேன். தரைக்கும் நாலு சுவருக்கும் பி.யு. பூசினேன். கூரைக்கு மட்டும் வெள்ளைப் பசை. ஞாயிற்றுக்கிழமை, அக்காவும் மாமாவும் பூசைக்குப் போயிருந்தபோது ஒட்டினேன். மணல் மூட்டை ஏற்றி அமுக்கினேன். பி.யு. பூசிய இடங்களில் ஓரத்தில் பழுப்பு நுரை கசிந்து நிற்கும். கூரையும் அப்படித் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுற்றிலும் ஒரு கோடு பி.யு. இழுத்தேன். இதை வைத்து நீங்கள் என்னைப் பற்றி வேறு மாதிரி நினைக்கலாம். எல்லா ஓரமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்பதைத் தவிர அதில் வேறு எண்ணம் இல்லை.

என் கணக்கு எளிமையானது. திண்டிவனம் போவதற்குள் கூரை பிரியும். திரும்பி வருவார்கள். நான் மறுபடி ஒட்டுவேன். மறுபடி போவார்கள், மறுபடி பிரியும். மூன்றாவது தடவை மாமாவுக்கு அலுத்துவிடும். யாரையும் கொல்ல நினைக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். இருபத்தொன்பது வயதில் இதைச் சொல்வது அசிங்கம். அதனால்தான் அவளிடம் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின வாரம் பனமலை ஏரி வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். நான் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா பைக்கில் தைலம்மாள் மகளோடு பின்னால் வந்தாள். கிராமத்து ரோடு, முப்பதுக்கு மேல் போகவில்லை. கூரை அசையவில்லை. மாமா இறங்கி நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு என் தோளில் கை போட்டார். எனக்குக் கர்வமாக இருந்தது. கூரையைக் கழற்றி மறுபடி ஒட்ட இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஒன்றரை நாள் வேலைதான். நான் ஐந்து நாளும் ஜன்னலுக்குத் திரை தைத்தேன்.

நான் நினைத்ததைவிட அந்தக் கூரை நன்றாகத் தாங்கியது. திண்டிவனம் தாண்டி, நாலுவழிச் சாலையில் மாமா எண்பதைத் தொட்டபோது முன்பக்கம் மேல்தகடு உரிந்து எழும்பியிருக்கிறது. கூரை போனால் சுவர்களைப் பிடிக்க ஒன்றுமில்லை. பின்னால் லாரி வந்தது.

ஆஸ்பத்திரியில், அக்காவை வைத்திருந்த பிணவறைக்கு வெளியே, மாமா கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். வேகமாக ஓட்டியதாக அவர்மேல் வழக்குப் போட்டிருந்தீர்கள். அவரும் ஒத்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“மச்சான், நீ செஞ்சது நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் மிதிச்சிட்டேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “உள்ள தட்டுற சத்தம் கேட்டுச்சு. பாத்திரம் உருளுதுன்னு நெனச்சிட்டேன்” என்றார். அக்காவின் போன் காரில் சார்ஜில் கிடந்ததாம்.

அவரைக் காப்பாற்ற நான் இங்கே வரவில்லை. நான் செய்தது நன்றாக இருந்தது என்று தினமும் ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

அவள் உள்ளே இருப்பாள் என்று எனக்குத் தெரியாது என எழுதிக்கொள்ளுங்கள் என்றுதான் முதலில் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். பஸ்ஸில் ஏறினால் அக்காவுக்கு வாந்தி வரும். சின்ன வயதிலிருந்து அவள் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான். படுத்தால்தான் அவளுக்குச் சரியாகும். உள்ளே முன்பக்க ஜன்னல் ஓரமாகக் கட்டில் வைத்ததும் நான்தான். அவள் உயரத்துக்கு அளவெடுத்து வைத்தேன்.

அன்று காலை மாமா காரின் முன்கதவைத் திறந்து வைத்தார். தைலம்மாள் ஊறுகாயைக் கொடுத்துவிட்டு, “இன்னாடி லில்லி, நத்த மாதிரி வூட்டயே கட்டி இஸ்துக்கினு போற” என்று சிரித்தாள். மகாலட்சுமி எல்லோரையும் ஒட்டி நிற்கச் சொன்னாள். அந்தப் படம் என் போனிலும் இருக்கிறது. நான் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை.

அக்கா காரில் ஏறவில்லை.

“முன்னாடி ஒக்காந்தா தீவனூர் தாண்டறதுக்குள்ள வாந்தி எடுத்துருவேன். தம்பி செஞ்ச கட்டில்ல படுத்துக்கினு வர்றேன்” என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். தாங்குமா என்று கேட்கும் பார்வை. நான் தலையாட்டினேன்.

அவள் உள்ளே ஏறி, நின்றபடி கையை உயர்த்திக் கூரையைத் தட்டினாள். ஓரத்தில்தான் தட்டினாள். பிறகு வீட்டுச் சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்து என் கையில் கொடுத்தாள்.

“கெட்டியா இருக்குதுடா. நீ மொதமொதல்ல முழுசா முடிச்ச வேல” என்றாள். கண் கலங்கியிருந்தது. “வேளைக்குச் சாப்புடு.”

கூரையில் வெள்ளைப் பசை என்று சொன்னால் போதும். அவளுக்குப் புரிந்திருக்கும், தயிரை விரலால் தொட்டவள். என்னைத் திட்டியிருக்க மாட்டாள். தலைவலி என்று மாமாவிடம் பொய் சொல்லி, பயணத்தையே நிறுத்தியிருப்பாள். இந்த விஷயத்தைச் சாகும்வரை யாருக்கும் சொல்லியிருக்க மாட்டாள். எனக்கு வேண்டியதும் அதுதானே, அவள் வீட்டிலேயே இருப்பது. ஒரு வார்த்தையில் கிடைத்திருக்கும். ஆனால் அப்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் போய்விடும். என் வேலைக்காக அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

படுத்துக்கொள் அக்கா என்றேன். படுத்தாள். ஓட்டத்தில் காற்றுக்குத் திறந்துவிடக் கூடாதென்று கதவின் வெளிப்பக்கம் ஒரு கொண்டி வைத்திருந்தேன். கதவைச் சாத்தினேன். கொண்டியை மாட்டிப் பூட்டினேன். பூட்டு விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். விழுந்திருந்தது.