ஹாப்பருக்குள் ராமபத்ரன் சேட்டன்

முதலில் சாயாவைக் குடித்துவிடுங்கள் சார். ஆறினால் ஏடு கட்டிவிடும். மட்டாஞ்சேரியில் இந்தக் கடையில்தான் கேட்காமலேயே இஞ்சி தட்டிப் போடுவார்கள். அவசரம் ஒன்றுமில்லை, நான் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை.

எங்கள் மிளகு குடோனில் ஒரு மனிதர் எப்படி இயந்திரத்துக்குள் போனார் என்று விசாரிக்க நீங்கள் காக்கநாட்டு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசிலிருந்து வந்திருக்கிறீர்கள். மழையில், பாலம் தாண்டி, அதுவும் காலையிலேயே. உங்களுக்காகவாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும். நான் முத்துவேல். சொந்த ஊர் சங்கரன்கோவில். ஷபானா மேடம் குடோனில் ஃபிட்டர். உள்ளே போனவர் சூப்பர்வைசர் ராமபத்ரன் சேட்டன். எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இல்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் மிளகு சுத்தம் செய்யும் புது மெஷின் வந்தது. அதற்குச் சீராக மிளகு ஊட்ட ஒரு ஃபீடர். அது ஒரு நீளமான தட்டு, குலுங்கிக் குலுங்கி மிளகை முன்னால் நகர்த்தும். அந்தத் தட்டுக்கு மேலே நிற்க வேண்டியதுதான் ஹாப்பர். மாவு மில்லில் அரிசி கொட்டுகிற வாய் இருக்கிறதே, அதற்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே அகலம், கீழே குறுகல், உள்பக்கம் கண்ணாடி மாதிரி பாலிஷ். அதை நிறுத்துகிற வேலையை மேடம் என்னிடம் கொடுத்தார். மெஷினைச் சரியாக ஓட்டிக் காட்டுகிறவர்தான் இனி மெஷின் இன்சார்ஜ் என்றும் சொன்னார்.

இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. என் மனைவி இசக்கிசெல்வி அன்று சாயங்காலமே ஊருக்குப் போன் போட்டு, நான் இன்சார்ஜ் ஆகிவிட்டதாகச் சொல்லிவிட்டாள். மாமனார் அங்கே கேசரி கிண்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு வேறு வழி கிடையாது சார்.

ராமபத்ரன் சேட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கமான மனிதர். யாராவது ஸ்பானரைக் கையில் எடுத்தால் போதும், பின்னால் கை கட்டிக்கொண்டு வந்து நிற்பார். "எடோ முத்துவேலே, ஒரு அபிப்பிராயம் பறயட்டே?" என்பார். வேண்டாம் என்று சொல்ல இந்த ஊரில் மரியாதை இடம் கொடுக்காது. சொல்லட்டுமா என்று கேட்பதே ஒரு பேச்சுக்குத்தான்.

ஹாப்பருக்கும் ஃபீடர் தட்டுக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி விட வேண்டும். ஹாப்பர் தன் காலில் நிற்கும், தட்டு தன்பாட்டுக்கு ஆடும். தட்டின்மேல் ஹாப்பர் உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். சேட்டனுக்கு அந்த இடைவெளி பிடிக்கவில்லை. "பாக்க ஒரு பங்கியில்லா, கொஞ்சம் அமுக்கி வை" என்றார், பார்க்க அழகாக இல்லையாம். அவர் கண்ணுக்காக ரப்பர் பட்டை சுற்றி மறைத்தேன். அதோடு விட்டிருந்தால் இன்று நீங்கள் ஆபீசில் ஏசியில் உட்கார்ந்திருப்பீர்கள்.

அடுத்து வாஸ்து வந்தது. இங்கே மாட்டுத் தொழுவம் கட்டினாலும் கன்னிமூலை பார்ப்பார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. ஹாப்பரின் அடியில் மிளகை வெளியே விடுகிற கதவு தென்மேற்கு மூலையைப் பார்த்தால் குடோன் நாசமாகிவிடும் என்று அவருடைய மச்சினன் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டான். மச்சினனுக்குத் தொழில் கோழிக்கடை. இருந்தாலும் செயின் பிளாக் போட்டுத் தூக்கிக் கிழக்கே திருப்பினேன். கதவைத் திறக்கச் சுவர் இடித்தது. வடக்கே திருப்பினேன். மிளகு எதிர்ப்பக்கம் போய் விழுந்தது. கடைசியில் பழையபடியே வைத்தபோது, "இப்ப சரியாயில்லே? ஞான் அப்பவே பறஞ்சதா" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. பல்லில் மட்டும் ஒரு துண்டு உடைந்தது.

டிரையல் அன்று காலை எல்லாம் தயார். மிளகு வாங்கப்போகிற கம்பெனியிலிருந்து ஷங்கர் என்பவர் வந்து, மேடத்தோடு ஆபீசில் பேசிக்கொண்டிருந்தார். நான் மெஷினுக்கு வெளியே சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் கட்டினேன். சேட்டன் அதைப் பார்த்தார். மிளகு தொடுகிற இடத்தில் அல்லவா சந்தனம் தொட வேண்டும் என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, கிண்ணத்தோடு ஏணியில் ஏறி, அவராகவே ஹாப்பருக்குள் இறங்கினார். பாலிஷ் நன்றாக இருந்ததால் சர்ரென்று அடிவரைக்கும் போய்விட்டார். அடியில் குறுக்குக் கம்பி பற்றவைத்திருந்தேன், கால் அதற்குமேல் இறங்காது. பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதுமே கவனமானவன்.

அப்போதுகூட நான் ஏணியில் ஏறி அவரைத் தூக்கிவிடத்தான் குனிந்தேன் சார். அவர் உள்ளேயிருந்து வெல்டிங்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதாராடோ செய்தது? ஒரு அபிப்பிராயம் பறயட்டே?" என்றார்.

நான் கீழே இறங்கி ஏணியை எடுத்துச் சுவரோரம் சாய்த்தேன்.

ஷங்கர் சாரும் மேடமும் வந்தார்கள். நல்ல நேரம் தவறிவிடக் கூடாது என்று மேடம் சொன்னார். நான் பொத்தானை அழுத்தினேன். மிளகு பெல்ட்டில் மேலே ஏறி ஹாப்பரில் கொட்ட ஆரம்பித்தது. எவ்வளவு கொட்டினால் மார்பு வரை வரும் என்று எனக்குத் தெரியும், அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கொட்டினேன். மனிதத்தன்மை என்று ஒன்று இருக்கிறது. அவர் கூப்பிட்டது மெஷின் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. தும்மலும் கேட்டது. மிளகு உடம்புக்கு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

இனி நான் சொல்வதுதான் முக்கியம். மழைக்கால மிளகில் ஈரம் இருக்கும். ஹாப்பரின் கழுத்தில் கட்டிக்கொண்டு நின்றுவிடும். யாராவது கம்பால் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். அன்று நிற்கவே இல்லை. உள்ளே சேட்டன் கைகால் உதறிக்கொண்டே இருந்ததால் மிளகு அருவி மாதிரி ஒரே சீராக இறங்கியது. ஷங்கர் சார் இப்படி ஒரு ஓட்டத்தைத் தான் எங்கேயும் பார்த்ததில்லை என்றார். மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா சார். மாமனாரின் கேசரி வீணாகவில்லை என்று கண் கலங்கிவிட்டது.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. காப்பாற்று என்று அல்ல. "முத்துவேலே, குலுக்கம் கொறச்சுகூடிக் கூட்டு" என்று. தட்டின் ஆட்டத்தை இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டுமாம். கூட்டினேன். ஓட்டம் இன்னும் நன்றாக இருந்தது. அவர் சொன்னதில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது. அது எனக்கு மிகவும் வலித்தது.

கொஞ்ச நேரத்தில் கம்பி வழியாக அவருடைய வேட்டி வந்துவிட்டது. தட்டில் மெதுவாகக் குலுங்கி நகர்ந்து மெஷினுக்குள் போனது. மெஷின் அதைக் கல், குச்சி, தூசி வரும் பக்கமாகத் தள்ளி வெளியேற்றியது. அந்த அளவுக்குத் துல்லியமான மெஷின். ஆனால் கரை வைத்த வேட்டி எப்படி மிளகில் வந்தது என்று மேடம் கேட்டார். மெஷினை நிறுத்தி நானே ஏணியை வைத்தேன்.

கோடு போட்ட அரைக்கால் சட்டையோடு அவர் மேலே வந்தார். மூக்கு தக்காளியாகியிருந்தது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். சிறைக்குப் போகக்கூட மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர் வரிசையாகத் தும்மிவிட்டு, பின்னால் கை கட்டிக்கொண்டு சொன்னார்: "மேடம், அகத்து நின்னு நோக்கினாத்தான் ஒழுக்கு மனசிலாவும். அதான் ஞான் இறங்கினேன். ஏணிய எடுக்கச் சொன்னதும் ஞானே." உள்ளே நின்று பார்த்தால்தான் மிளகின் ஓட்டம் புரியுமாம்.

மேடம் நெகிழ்ந்துவிட்டார். கம்பெனிக்காக உயிரையே பணயம் வைத்த மனிதர் என்று ஷங்கர் சார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்போது மெஷின் அறைக் கதவில் ‘ராமபத்ரன், மெஷின் இன்சார்ஜ்’ என்று பித்தளையில் எழுதித் தொங்குகிறது. அதைத் திருகு போட்டு மாட்டியது நான்தான். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று அவர் அபிப்பிராயம் சொன்னார். இசக்கிசெல்வி என்னிடம் சரியாகப் பேசி இரண்டு வாரமாகிறது.

காலையில் அவர் உங்களிடமும் அதையே சொல்லியிருக்கிறார், யாரும் எதுவும் செய்யவில்லை, தானாக இறங்கி நின்றதாக. நீங்களும் அதை எழுதி முடித்துவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தீர்கள். அதனால்தான் உங்களைச் சாயாவுக்குக் கூப்பிட்டேன். அந்த வாக்குமூலத்தை அடித்துவிடுங்கள் சார். அவரை உள்ளேயே விட்டுவிட்டு, ஏணியை எடுத்து, மார்பு வரை மிளகைக் கொட்டியது நான். வேண்டுமென்றே, நன்றாக யோசித்து, நான் ஒருவனே செய்தேன். ஜெயில் என்றாலும் போகிறேன், ஆனால் மேடத்துக்கு ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள், அந்த ஓட்டத்தில் சேட்டனுக்கு ஒரு பங்கும் கிடையாது.