வாய் திறக்கும் பாட்டு

பாட்டுக் கேட்டால் எனக்குத் தலை வலிக்கும். சிலருக்கு அன்னாசி ஒத்துக்கொள்ளாது, அது மாதிரித்தான். மஹ்ரூப் தம்பி, நீங்கள் பொலிஸ் உத்தியோகத்தர் என்றாலும் என் பிள்ளை வயது, அதனால் தம்பி என்றே சொல்கிறேன். கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் தருகிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவர் செல்லச்சாமி மாநகரசபையில் கிளார்க்காக இருந்தவர். முப்பத்து நான்கு வருடம் உத்தியோகம் பார்த்து, நாலு பேர் மதிக்கும்படி கெலிஓயாவில் வீடு கட்டியவர். அப்பேர்ப்பட்ட மனிதர், பூங்கோதை என்ற பாடகியின் குரல் கேட்டால் கைவேலையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பார். அவள் ஒன்றும் பெரிய பாடகி இல்லை. ஏழெட்டுப் படத்தில் பாடியிருப்பாள், அதில் ஒரு தாலாட்டு. படம் எதுவென்று இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது, பாட்டு மட்டும் சாகவில்லை. சளி பிடித்தவள் பிள்ளையைத் தூங்கவைப்பது போல மூக்கால் பாடியிருப்பாள். அதைக் கேட்டு எழுபத்தாறு வயதிலும் அவருக்குக் கண் கலங்கும். என் அம்மா செத்த வீட்டில் கலங்காத கண்.

இதோ, நீங்களும் பேனையை வைத்துவிட்டீர்கள். உங்கள் உம்மாவும் அந்தத் தாலாட்டைத்தான் பாடினாராக்கும். எல்லா வீட்டிலும் இதே கூத்துத்தான்.

வருடா வருடம் ரேடியோவில் நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போடுவார். பாட்டின் பெயர், அதற்குக் கீழே கேட்க விரும்புவோர் பட்டியல். அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் வாசிப்பார்: கெலிஓயா செல்லச்சாமி, மகள் துஷானி, முன்வீட்டு மூக்கையா, கடை பஹீம். பக்கத்து வீட்டு நாய்க்குப் பெயர் வைத்திருந்தால் அதுவும் வந்திருக்கும். வடிவம்மா என்ற பெயர் ஒரு வருடமும் வந்ததில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒனக்குத்தான் பாட்டே புடிக்காதே வடிவு. பொய்யா எழுதச் சொல்றியா?" என்றார்.

நியாயமான பதில். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

போன வருடம் வாதம் வந்து விழுந்தார். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் யார் எதைக் கொடுத்தாலும் பல்லை இறுக்கிக்கொள்வார். மூக்கில் குழாய் போட ஆயத்தம் செய்தார்கள். அன்றைக்குத் துஷானி தன் போனில் அந்தத் தாலாட்டைப் போட்டாள். வாய் தானாகத் திறந்தது. கரண்டியால் ஊட்டியதை விழுங்கவும் செய்தார். பாட்டு நின்றதும் வாய் மூடிக்கொண்டது. மறுபடி போட்டார்கள், மறுபடி திறந்தது. நர்ஸ்மார் கூடி நின்று கண்ணைத் துடைத்தார்கள். இவருக்கு இதுதான் மருந்து, மூன்று வேளையும் போடாவிட்டால் ஆள் பட்டினியில் போய்விடுவார் என்று டொக்டர் என்னிடம்தான் சொன்னார். விளங்கியது என்று நானும் தலையாட்டினேன். அதையும் எழுதுங்கள், தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம்.

துஷானி பாட்டைச் சிப்பில் ஏற்றி, சின்ன ரேடியோப் பெட்டி ஒன்றில் செருகிக் கொடுத்தாள். அவளுக்குப் பல்லேகலையில் வேலை, அங்கேயே வீடு, ஞாயிறுதான் வருவாள். மற்ற நாளில் கலஹாவில் இருந்து பிரேமிளா என்ற பெண் பஸ்ஸில் வந்து அவரைப் பார்த்துக்கொண்டாள். நல்ல பிள்ளை, வாய்தான் நீளம். ஒருநாள் ஊட்டிக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, ஐயா சிரிக்கிறாரு பாருங்க. அந்தப் பாட்டுக்காரம்மாவே வந்து ஊட்டுறாங்கன்னு நெனப்பு போல."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். கஞ்சி காய்ச்சியது நான்.

அடுத்த வாரம் துஷானியின் மகன் யுகேஷுக்கு அம்மாள் போட்டது. அம்மை நோய்தான், ஆஸ்பத்திரியில் கொப்புளிப்பான் என்பார்கள். மூன்றாம் தண்ணீர் வார்க்கும்வரை அந்த வீட்டார் வெளியே இறங்குவதில்லை என்பது எங்கள் வழக்கம். நீ வராதே, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளுக்குச் சொன்னேன். அடுத்த போன் பிரேமிளாவுக்கு.

"ஐயாவுக்கும் அம்மாள் எறங்கியிருக்கு. ஒன் வீட்டுல சின்னப் புள்ளைக இருக்கு, வராத தாயி" என்றேன்.

வாசல் நிலையில் வேப்பங்கொத்துச் செருகினேன். பக்கத்து வீட்டு ரிப்கா கேற்றுக்கு வெளியே நின்று ஏதும் வாங்கித் தரவா என்று கேட்டுவிட்டுப் போனாள். வேப்பிலையைப் பார்த்தபிறகு யாரும் உள்ளே வருவதில்லை. படித்தவர்களும்தான்.

பிறகு சிப்பைக் கழற்றிக் கிணற்றில் போட்டேன். நகத்தளவு சாமான், விழுந்த சத்தம்கூட வரவில்லை.

பட்டினி போட்டேன் என்று எழுதாதீர்கள். மூன்று வேளையும் கஞ்சி கொண்டுபோனேன், சூடு பார்த்தேன். "வடிவு வந்திருக்கேன், வாயத் தொறங்க" என்றேன். கை கடுக்கும்வரை கரண்டியை நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் ரேடியோப் பெட்டியையே பார்த்தார். நாற்பத்தாறு வருடம் ஆக்கிப்போட்டவள் கரண்டியோடு நிற்கிறாள், மனிதர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பார்க்கிறார். தண்ணீருக்கும் அப்படித்தான், உதட்டில் நனைத்தது கொஞ்சம் உள்ளே இறங்கினால் உண்டு. துஷானி தினமும் போனில் அப்பா சாப்பிட்டாரா என்று கேட்பாள். கஞ்சி வைத்தேன் என்பேன். வைத்ததை வைத்தேன் என்று சொல்வது பொய்யாகாது.

நாலாம் நாள் உதடு வெடித்தது. நல்லெண்ணெய் தடவிவிட்டேன். ஆறாம் நாளுக்குப் பிறகு பெட்டியைத் தேடுவதை விட்டுவிட்டார். ஒன்பதாம் நாள் காலை போனார்.

பிரேமிளா துக்கத்துக்கு வந்தாள். குளிப்பாட்டுவதற்கு முன் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "அம்மாள் போட்ட ஒடம்புல ஒரு கொப்புளம்கூடக் காணோமே" என்றாள்.

"யாருக்கு அம்மாள்?" என்று துஷானி கேட்டாள்.

பிறகு அவள் அந்த ரேடியோப் பெட்டியை எடுத்து, சிப் இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். நேரே உங்களிடம் வந்திருக்கிறாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எட்டாம் நாள் பின்னேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாலாட்டை நானே பாடினேன். இத்தனை வருடம் காதில் விழுந்தது, ஒரு சொல் பிசகவில்லை. இரண்டாவது வரியில் அவர் வாய் திறந்தது. கண் என் முகத்தில் இருந்தது.

கஞ்சி எங்கே இருந்தது என்றுதானே கேட்கப்போகிறீர்கள். குசினியில், அடுப்பில், சூடாகவே இருந்தது. பத்தடி தூரம். பாடிக்கொண்டே போய் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவர் கஞ்சிக்காக வாய் திறக்கவில்லை தம்பி, எனக்காகத் திறந்தார். அதற்குள் கரண்டியைக் கொண்டுபோய் நுழைப்பது எனக்கு மரியாதைக்குறைவாகப் பட்டது. முழுப் பாட்டையும் பாடினேன். முடிந்ததும் முதலில் இருந்து பாடினேன். இருட்டும்வரை வாயைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சாகும்போது அவருக்குப் பூங்கோதை நினைவில் இல்லை. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.