இருபதுக்கு இருபத்தொண்டு

பவளம்: மெல்லமாக் கழுவுங்கோ. கோப்பை உடைஞ்சா அதையும் இனிப் புதுச் சேர்ச் வார்டனிட்டப் போய்ச் சொல்லோணும்.

தேவராஜா: மெல்லமாத்தான் கழுவுறன். துவாயை வைச்சுப்போட்டு அந்தக் கதிரையில கொஞ்சம் இரும்.

பவளம்: இருக்க மாட்டன். இருபதுக்கு இருபத்தொண்டு... ரெக்டர் பாதிரியார் வோட்டு முடிவை வாசிக்கேக்க பேரை மாறி வாசிக்கிறார் எண்டுதான் நினைச்சனான். எழும்பவும் வெளிக்கிட்டன். பாதி எழும்பினபிறகு தான் தெரியுது, சனம் கைதட்டுறது என்னோட போட்டிக்கு நிண்ட பார்லோவுக்கு எண்டு.

தேவராஜா: ஒருத்தரும் கவனிக்கேல்லை.

பவளம்: எல்லாரும் கவனிச்சவை. முன்வரிசையில இருந்த மிஸிஸ் பார்லோ கதிரையைத் தள்ளி எனக்கு வழியும் விட்டவ. நான் குசினிக்குப் போக எழும்புறன் எண்டு நினைச்சிருப்பா.

தேவராஜா: இண்டைக்குத் தேத்தண்ணி முறை எங்கட தானே.

பவளம்: ஓம். தோத்த கையோட கோப்பை கழுவ வேணுமெண்டு எழுதிக் கிடக்கு.

தேவராஜா: ரெண்டு தரம் எண்ணினவை, பவளம். பிழை இருக்க இடமில்லை.

பவளம்: எண்ணினதில பிழை இல்லை. ரெண்டாந்தரம் நான் கிட்ட நிண்டு பாத்தனான். நாப்பத்தொரு சீட்டு. பிழை எண்ணின இடத்தில இல்லை, போட்ட இடத்தில.

தேவராஜா: விடுமன்.

பவளம்: எப்பிடி விடுறது? ஆறு கிழமை நடந்தனான். நான் தபால்காரன்ர மகள், கதவு தட்டுறதுக்கு எனக்கு வெக்கமில்லை. இந்த நோபல் பார்க் ஊருக்குள்ள ஆரின்ர வீட்டு நாய் கடிக்கும், ஆரின்ர நாய் குலைக்கும் எண்டு இப்ப எனக்குத் தெரியும். கிழவி மிஸிஸ் டோசன் வீட்டில மூண்டு தரம் அந்தக் கல்லுக் கேக்கைத் திண்டனான். இருபத்தொரு பேர் எனக்குப் போடுறன் எண்டு சொன்னவை. சும்மா தலையாட்டினவையை நான் எழுதேல்லை. வாய் திறந்து சொன்னவையைத்தான் எழுதினனான். லிஸ்ற் இந்தா, இந்தப் பைக்குள்ள கிடக்கு.

தேவராஜா: அதைக் கிழிச்சு எறியும்.

பவளம்: ஏன் எறியோணும்? இருபத்தொண்டில இருபதுதான் வந்திருக்கு. எங்கட குடும்பத்திலயே முதல் டிகிரி என்ர, அதுவும் கணிதம். கூட்டல் கழித்தல் எனக்கு வரும். ஒராள். ஒரே ஒராள் என்ர முகத்தைப் பாத்துச் சிரிச்சுப்போட்டு பார்லோவுக்குப் புள்ளடி போட்டிருக்கு.

தேவராஜா: சேர்ச் வார்டன் எண்டா என்ன, கவர்னர் உத்தியோகமே? கூரை ஒழுகினா ஆள் பிடிக்கிறது... மணிக்கயிறு அறுந்தா மாத்துறது...

பவளம்: ஹோல் பூட்டுத் திறப்பு ஆரிட்ட இருக்கிறது?

தேவராஜா: இப்ப ஏன் அந்தக் கதை?

பவளம்: சொல்லுங்கோவன். திறப்பு ஆரிட்ட?

தேவராஜா: வார்டனிட்ட.

பவளம்: பார்லோ வெண்டு அஞ்சு நிமிஷம் ஆகேல்லை. ஈஸ்ரர் முடிய ஞாயிறு பின்னேரங்களில ஹோல் பூட்டிக் கிடக்கும் எண்டு சொல்லிப்போட்டார். எங்கட சாப்பாட்டால யன்னல் சீலையெல்லாம் கறி மணக்குதாம், சனம் முறைப்பாடு சொல்லுதாம். மூண்டாம் ஞாயிறுத் தமிழ் ஆராதனை போச்சு. ரெண்டு வருஷமா நடத்தினது, அஞ்சு நிமிஷத்தில.

தேவராஜா: அவர் கோபமாச் சொல்லேல்லை.

பவளம்: கோபமாச் சொல்லியிருந்தா நானும் கோபமாத் திருப்பிச் சொல்லியிருப்பன். அவர் சிரிச்சுக்கொண்டு என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினவர். போட்டியில நல்லா நிண்டனீங்களாம், பாராட்டாம்.

தேவராஜா: வீட்டில வைச்சு ஆராதனை நடத்தலாம்.

பவளம்: எங்கட ரெண்டு அறை பிளற்றில ஏழு குடும்பத்தை எங்க இருத்துவீங்கள்? குளிக்கிற தொட்டிக்குள்ளேயோ? சரி, அதை விடுங்கோ. உங்கட ஒண்டுவிட்ட தம்பி இந்திரகுமாருக்கு ஆர் சொல்லுறது?

தேவராஜா: நான் சொல்லுறன்.

பவளம்: என்னெண்டு சொல்லுவீங்கள்? ஆவணியில வீடு எரிஞ்சு, எல்லாத்தையும் விட்டுட்டு வந்த மனுசன். வந்து மூண்டு மாசம். வேலையில வாய் திறக்கிறேல்லை. எங்கட மேசையில இருந்து சாப்பிடேக்கையும் திறக்கிறேல்லை. மூண்டாம் ஞாயிறு வேதப் புத்தகத்தில சங்கீதம் வாசிக்க எழும்பேக்க மட்டும்தான் அந்தக் குரல் எப்பிடி இருக்குமெண்டு எங்களுக்கே தெரியும். அதுக்காகத்தான் நான் நிண்டனான். கூரைக்கில்லை, மணிக்கயித்துக்கில்லை.

தேவராஜா: தெரியும், பவளம். தெரியும்.

கல்யாணி: அக்கா, இதான் கடைசி ட்ரே. ஹால்ல இனி கப் எதுவும் இல்ல.

பவளம்: வைச்சிட்டுப் போகாதையும், கல்யாணி. ஒண்டு கேக்கோணும்.

தேவராஜா: பவளம், வேண்டாம்.

பவளம்: புதன்கிழமையில ஆஸ்பத்திரிக்கு உம்மை ஆர் கொண்டுபோய் விடுறது?

கல்யாணி: பார்லோ சார். அவருக்கும் அந்தப் பக்கந்தான வேலை. நர்ஸ் டியூட்டிக்கு பஸ்ல போனா ரெண்டு மாறணும்னு அவரே வந்து கேட்டாரு. ஏன்க்கா?

பவளம்: என்ர லிஸ்ற்றில ஒண்டு குறையுது.

கல்யாணி: ...நான்னு நினைக்கிறீங்களா?

பவளம்: கேக்கிறன், அவ்வளவுதான்.

கல்யாணி: ஆமா, கார்ல கூட்டிட்டுப் போறாரு. அதுக்கு ஒவ்வொரு தடவையும் தேங்க்ஸ் சொல்றேன். கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுட்டுக் குடுத்தேன். அதுக்காக ஓட்டையும் குடுக்கணுமாக்கா? எங்க பாளையங்கோட்டையில அப்படிப் பழக்கம் இல்ல.

பவளம்: கோவிக்காதையும்.

கல்யாணி: கோவமில்ல. வலிக்குது. அவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டே உங்களுக்குப் போட்டேன். அவரு என் சீட்டைப் பாத்துடுவாரோன்னு கையால மறைச்சுக்கிட்டு. அவருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்ல. பைபிள் மேல வச்சு தன் பேருக்கு நேரா பளிச்சுனு ஒரு பெருக்கல் குறி போட்டாரு.

பவளம்: தன்ர பேருக்கேயோ?

கல்யாணி: பின்ன யாரு பேருக்குப் போடுவாரு?

பவளம்: ...நீர் வடிவாப் பாத்தனீரோ?

கல்யாணி: மறைச்சாத்தானக்கா உத்துப் பாக்கணும். நான் வர்றேன் அண்ணா. ட்ரேய அப்புறமா துடைச்சுக்குங்க.

தேவராஜா: தங்கச்சி, கொஞ்சம் நில்லும்... போயிட்டா.

பவளம்: தன்ர பேருக்கே...

தேவராஜா: ஏன் அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்? அந்தப் பிள்ளை அழுதுகொண்டு போகுது. போய்க் கூப்பிடும்.

பவளம்: கூப்பிடுறன். அவ இல்லையெண்டா ஆரெண்டு தெரியோணும். மிஸிஸ் டோசனோ? பேப்பர்க் கடைக்காரரோ?

தேவராஜா: ஒவ்வொருத்தரையும் இப்பிடிக் கூப்பிட்டு விசாரிக்கப் போறீரோ?

பவளம்: இருபத்தொரு பேரையும்.

தேவராஜா: வேண்டாம். தேவையில்லை.

பவளம்: ஏன் தேவையில்லை?

தேவராஜா: தண்ணி ஆறிப் போச்சு. கொஞ்சம் சுடுதண்ணி...

பவளம்: இஞ்சாருங்கோ. என்னைப் பாருங்கோ. ஏன் தேவையில்லை?

தேவராஜா: ...நான்தான்.

பவளம்: என்ன நான்தான்?

தேவராஜா: அந்த ஒராள்.

பவளம்: பகிடி விடாதைங்கோ. இண்டைக்கு எனக்கு ஏலாது.

தேவராஜா: இந்திரகுமாரின்ர விசாவுக்குக் கடிதம் குடுத்தது ரெக்டர் எண்டு உமக்குச் சொன்னனான் எல்லே. ரெக்டர் இல்லை. அவர் அப்ப லீவில. பார்லோதான் எழுதினவர். எழுதினதோட விடேல்லை, வேலைக்கு அரைநாள் லீவு போட்டு என்னைத் தன்ர காரில இமிகிரேஷன் கந்தோருக்குக் கொண்டுபோய், வரிசையில என்னோட நிண்டவர். இந்தக் குடும்பத்துக்கு நான் பொறுப்பு எண்டு கையெழுத்து வைச்சவர்.

பவளம்: பார்லோ...

தேவராஜா: அப்ப நீர் கறி மணக் கதையால அவரோட சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டனீர். சொன்னா அந்தக் கடிதம் வேண்டாம் எண்டிருப்பீர்.

பவளம்: வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன்.

தேவராஜா: அவர் வோட்டுக் கேக்கேல்லை. ஒரு வார்த்தை கேக்கேல்லை. பென்சிலைக் கையில எடுத்தா அந்தக் கையெழுத்துத்தான் கண்ணுக்கு முன்னால நிக்குது. உம்மட்ட இருபத்தொரு பேர் இருக்கு, என்ர ஒண்டு போனா என்ன, எப்பிடியும் வெல்லுவீர் எண்டு...

பவளம்: அவர் கையெழுத்து வைச்சு வந்த மனுசன்ர வாயை அவரைக் கொண்டே பூட்டிப் போட்டீங்கள்.

தேவராஜா: ஓம்.

பவளம்: எங்கட சனம் இதாலதான் அழியுது. ஆரும் ஒரு நன்மை செய்தா முதுகெலும்பைக் கழட்டிக் கையில குடுக்கிறது. அதுக்கு மரியாதை எண்டு பேரும் வைக்கிறது. பெண்சாதி நடந்து நடந்து செருப்புத் தேயுது, நீங்கள் மரியாதை செய்யுறீங்கள். அந்தப் பிள்ளை கல்யாணிக்கு இருக்கிற தெளிவு...

தேவராஜா: சொல்லும். நான் கேக்கத்தான் வேணும்.

பவளம்: சொல்லி என்ன, தோத்தாச்சு.

தேவராஜா: அந்த லிஸ்ற்றை ஒருக்காத் தாரும்.

பவளம்: ஏன்? உங்கட பேரை வெட்டப் போறீங்களோ? முதலாவதா எழுதினது உங்கட பேரைத்தான்.

தேவராஜா: தாருமன்... டோசன், கல்யாணி, கல்யாணசுந்தரம், பத்மா அன்ரி... பத்தொன்பது, இருபது, இருபத்தொண்டு. என்னோட சேத்து இருபத்தொண்டு.

பவளம்: அதைத்தானே நான் இவ்வளவு நேரமும் சொல்லுறன். ஒண்டு போனா இருபது. வந்ததும் இருபது.

தேவராஜா: ஓம், கணக்குச் சரி. ஆனா பவளம்... இதில உம்மட பேர் இல்லை.

பவளம்: என்ர பேரை நான் ஏன் எழுதுவான்? நான் போய் என்ர கதவையோ தட்டுறது?

தேவராஜா: அதில்லை. என்னை விட்டா இருபது பேர் போட்டிருக்கினம். நீர் இருபத்தோராவது. அப்ப இருபத்தொண்டுக்கு இருபது எண்டு நீர் வெண்டிருக்கோணும். நான் செய்த துரோகத்தோடயும் வெண்டிருக்கோணும்.

பவளம்: அந்தக் கோப்பையை இஞ்ச தாங்கோ, துடைப்பம்.

தேவராஜா: பவளம். உம்மட சீட்டு எங்க?

பவளம்: பெட்டிக்குள்ள போட்டனான்.

தேவராஜா: ஆருக்குப் போட்டனீர்?

பவளம்: எங்கட மிஷன் பள்ளிக்கூடத்தில வகுப்புத் தலைவியைத் தெரிவு செய்யிறதெண்டா... ரெண்டு பேர் நிண்டா, அவள் எனக்குப் போடுவாள், நான் அவளுக்குப் போடுவன். தன்ர பேருக்குத் தானே புள்ளடி போடுறவளை ஆறு மாசத்துக்குப் பகிடி பண்ணுவம். அப்பிடித்தான் பழகினது...

தேவராஜா: அதால?

பவளம்: பார்லோவும் எனக்குத்தான் போடுவார் எண்டு நினைச்சன்.