இடைப்பட்ட காலம்

ஊசிக்கு நான் பயந்தவள் இல்லை டாக்டர். இரத்தம் எடுக்கும்போது முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ள மாட்டேன். தங்கைக்குச் சிறுநீரகம் கொடுக்க ஏன் முன்வந்தீர்கள் என்று கேட்டீர்கள். கொடுக்க வருகிறவர்களிடம் அதைக் கேட்பது உங்கள் கடமை. மறைக்காமல் சொல்கிறேன்.

நான் புள்ளியியல் படித்தவள். இதே மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் வேலை. ஒரு நோய் தொடங்கும் வேளையை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. போன பரிசோதனையில் இல்லை, இந்தப் பரிசோதனையில் இருக்கிறது; நடுவில் எங்கோ தொடங்கியிருக்கிறது. பல பேருடைய முடிவுகளைச் சேர்த்துவைத்து அந்த இடைவெளியைச் சுருக்குவதுதான் என் தொழில். யாருக்கு அந்த வேளை நெருங்குவதாகக் கணக்கு காட்டுகிறதோ, அவர்களைச் சீக்கிரம் வரவழைக்கும்படி நர்சிடம் சொல்வேன்.

அப்பா சிறுநீரகம் கெட்டுத்தான் இறந்தார். அதனால் தங்கையும் எங்கள் ஆய்வில் சேர்ந்திருந்தாள். கணினியில் பெயர் வராது, எண்ணும் பிறந்த தேதியும் மட்டும்தான். ஆனால் கூடப்பிறந்தவளின் பிறந்த தேதி மறந்துவிடுமா?

என் கணவர் என்னிடம் வாய் திறப்பது வண்டிச் சாவி எங்கே என்று கேட்கத்தான். தங்கை வந்துவிட்டால் வீடே கலகலக்கும். தப்பாக ஒன்றுமில்லை, அது எனக்கே தெரியும். ஒரு நாள் அவள் தன் மேலதிகாரியைப் போலப் பேசிக்காட்ட, அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அப்படி ஒரு தடவை சிரித்ததில்லை. நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் அவளுடைய எண்ணைக் கணக்கு காட்டிக்கொடுத்தது. மற்றவர்களின் எண்களை நர்சிடம் சொன்னேன். அவளுடையதைச் சொல்லவில்லை.

பிறகு அவளே கேட்டாள். "சாயந்திரமானா கால் வீங்குதுக்கா. ஒரு தடவ வந்து பாத்துடவா?"

"செருப்பு இறுக்கமா இருக்கும்டி. உன் ரிசல்ட்டெல்லாம் நான்தானே பாக்குறேன்? அடுத்த வருஷம் வந்தா போதும்."

நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. கொஞ்சம் பெரிய அளவில் ஒரு ஜோடி செருப்பும் வாங்கிக் கொடுத்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

நோயை நான் கொடுக்கவில்லை. அது தானாகத் தொடங்கியது. மூச்சுத் திணறிய அவளைத் தூக்கிவந்தபோது, முன்பே பார்த்திருந்தால் மருந்திலேயே பல வருஷம் ஓட்டியிருக்கலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பக்கத்தில் நின்று நானும் அழுதேன். அவள் இங்கே படுத்த பிறகு வீடு அமைதியாகிவிட்டது. நன்றாகத் தூங்கினேன்.

போன வாரம் என் கணவர் வந்து, "என்னோடது அவளுக்குப் பொருந்துதாம். நானே குடுக்குறேன்" என்றார்.

அதனால்தான் வந்தேன். அவருடைய உடம்பில் ஒரு பகுதி அவளுக்குள் காலமெல்லாம் இருக்க வேண்டாம். என்னுடையதும் பொருந்துகிறது, எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் டாக்டர். பாசம் என்று எழுதுங்கள். அவளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?