போணிக்குப் போன தோல் சட்டை

ஜன்னலோரம் வெயிலில் கிடக்கும் அந்தத் தோல் சட்டையை முதலில் நிழலுக்கு எடுக்கச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தோலுக்கு வெயில் ஆகாது, வெடித்துவிடும். அசல் இத்தாலிச் சரக்கு. சாட்சிப் பொருளாகிவிட்டது என்பதற்காக அதைப் பாழாக்க வேண்டுமா?

திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் ஃபாரின் சாமான் கடை. மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் தோல் சட்டை, கையுறை, பூட்ஸ். கப்பலில் வருகிறவர்களிடம் பாண்டிச்சேரியில் வாங்கி, மெட்ராஸ் விலையில் பாதிக்குக் கொடுப்பேன். என் அப்பா மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்தில் துணி விற்றவர். பேரத்தைக் கேட்டே வளர்ந்தவன் நான். பேரம் பேசுகிறவன் மேல் எனக்குக் கோபம் வராது.

ஆனால் போணிக்கு ஒரு மரியாதை உண்டு. கடை திறந்ததும் வருகிற முதல் ஆளை எதுவும் வாங்காமல் திருப்பி அனுப்பக் கூடாது; அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். நஷ்டமானாலும் கொடுத்துவிடுவோம். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். அதனால் மானமுள்ளவர்கள் முதல் ஆளாக வந்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்க மாட்டார்கள்.

சக்கரபாணி கேட்பார். விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை மொத்த வியாபாரம். புல்லட்டில் விடிந்ததும் கிளம்பி, நான் ஷட்டரைத் தூக்கும்போது எதிரில் நிற்பார்.

"இன்னா பூமாலை, போணி ஆவலியே? நான் கேக்கற வெலைக்குக் குடு. இல்லாங்காட்டி போய்க்கினே இருக்கேன்."

ஒருமுறை கையுறை போனது. ஒருமுறை பூட்ஸ். மூன்றாம் முறை இந்தச் சட்டை. எட்டு மாதம் யாருக்கும் தராமல், தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். தொள்ளாயிரம் ரூபாய்ச் சரக்கை இருநூற்றைம்பதுக்குக் கேட்டார். கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டு எதிர் டீக்கடையில் நின்று சொன்னார்: "காலைல வந்தா இவன் தோலையே உரிச்சிக்கினு போலாம்யா."

ஆறு பேர் சிரித்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்த பச்சைமுத்துவும் சிரித்தான். அவனுக்கு நான் பாக்கி வைத்ததே கிடையாது.

எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று மாதம் தூக்கம்தான் வரவில்லை.

நான்காம் முறை அவர் வந்தது அமாவாசை. பச்சைமுத்து மேல்மலையனூருக்குப் போயிருந்தான், டீக்கடை பூட்டியிருந்தது. சக்கரபாணிக்குத் தோல் கால்சட்டை வேண்டுமாம். அவர் கேட்ட விலையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சரி என்றேன்.

"இன்னாயா, ஒரு வார்த்த பேசாம குடுக்கற? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"போட்டுப் பாருங்க மொதல்ல. உள்ள கண்ணாடி இருக்குது."

பூட்ஸைக் கழற்றி, கால்சட்டையை ஏற்றி, மறுபடி பூட்ஸ் மாட்டக் கால்மணி நேரம் ஆகும். புல்லட்டின் முன்சக்கர நட்டைத் தளர்த்த எனக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. முழுவதும் கழற்றவில்லை, மீதியை ரோடு பார்த்துக்கொள்ளும் என்று விட்டேன்.

அவர் கிளம்பியதும் கடையைச் சாத்திவிட்டு மொப்பட்டில் பின்னால் போனேன். பழி தீர்க்க இல்லை, ஐயா. என் சரக்கு நாலும் அந்த உடம்பின் மேல் இருந்தது.

கூட்டேரிப்பட்டு தாண்டி, ரோட்டுக்குக் கீழே கருவேலம் புதரில் கிடந்தார். மேலே பஸ் போகிறது; யாருக்கும் தெரியவில்லை. நினைவிருந்தது.

"பூமாலையா? சாமி மாரி வந்தப்பா. தூக்குய்யா."

நான் சட்டையின் ஜிப்பைக் கீழே இழுத்தேன். மூச்சு விடுவதற்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "நல்லா இருப்ப" என்றார். வலது கை ஒடிந்திருந்தது. சட்டென்று இழுத்தால் லைனிங் கிழிந்துவிடும் என்று நிதானமாகவே கழற்றினேன். அவர் போட்ட சத்தத்துக்கு நான் பொறுப்பில்லை. பிறகு கையுறை. பிறகு பூட்ஸ். கால்சட்டை கடைசியாக. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"இன்னா வேணும் சொல்லு பூமாலை. கேக்கறத குடுத்துடறேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் பேசினார். "காலைலயே சொல்லியிருக்கலாமேங்க" என்றேன்.

அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இருக்கலாம். ஆனால் மொப்பட்டில் மூட்டை நிறைய இருந்தது.

ஐந்தாம் நாள் ஷட்டரைத் தூக்குகிறேன், எதிரில் ஒருவர். அதே மூக்கு, அதே நெற்றி. தம்பி தேவநாதன் என்று சொல்லாமலே தெரிந்தது. கொக்கியில் தொங்கிய சட்டையைக் காட்டினார்.

"அத குடுங்க. எவ்ளோ?"

விற்பதற்கில்லை என்று சொல்லியிருக்கலாம். கடையைச் சாத்தியிருக்கலாம். போணி ஆகவில்லையே, ஐயா. தொள்ளாயிரம் என்றேன். எண்ணி வைத்தார், ஒரு பைசா குறைக்கவில்லை. அங்கேயே உள்மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். அண்ணி வீரம்மாள் புருஷனுக்குத் துணையாக உள்ளே வைத்துத் தைத்த அங்காளம்மன் குங்குமப் பொட்டலம் இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டார். நல்ல மனிதர். அண்ணனும் அவரைப்போல இருந்திருந்தால் இதெல்லாம் எதற்கு?

நட்டைத் தளர்த்தியது நான். புதரில் விட்டுவந்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். போணிக்கு வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பியவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.